பாதரசத்துக்குக் கிடைத்த சலுகை

கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஒஷாவாவில் மகளின் வீட்டுச் சமையலறை மேசையில் பேரனோடு இருந்தேன். அவனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் அந்த வகுப்புக்குப் பாறைகளும் கனியங்களும் ஒரு பாடம். தமிழ்நாட்டில் கனிமம் என்பதை இலங்கைப் பாடப்புத்தகங்களில் கனியம் என்றுதான் படித்தோம், படிப்பித்தோம். நான் இருபது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தவன். ஆகையால் அந்த வீட்டுப்பாடம் என்னிடம் வந்தது.

ஆசிரியர் கொடுத்துவிட்ட தாளில் ஐந்து நிபந்தனைகள் இருந்தன. கனியம் என்றால் அது இயற்கையில் உண்டானதாக இருக்கவேண்டும். அசேதனப் பொருளாக இருக்கவேண்டும். திண்மமாக இருக்கவேண்டும். குறித்த இரசாயனச் சேர்க்கை இருக்கவேண்டும். அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கவேண்டும். அந்த ஒழுங்கைத்தான் பளிங்கு அமைப்பு என்கிறோம். ஐந்தும் இருந்தால் கனியம். ஒன்று குறைந்தாலும் இல்லை. கீழே பத்துப் பொருள்களின் படங்கள். சரி, பிழை போடவேண்டும்.

உப்பு, சரி. தங்கம், சரி. நிலக்கரி, பிழை, அது மரஞ்செடிகளிலிருந்து வந்தது. கண்ணாடி, பிழை. அடுத்த படம் ஐஸ் கட்டி. நான் யோசிக்காமல் பிழை என்றேன். பேரன் விடவில்லை. யன்னலுக்கு வெளியே, கூரை விளிம்பில் ஈட்டிபோலத் தொங்கிய பனிக்கட்டியைக் காட்டினான்.

“அம்மப்பா, அது தானா வந்தது. உயிர் இல்லை. சொலிட். எச்-ரூ-ஓ. ஒழுங்கா அடுக்கியிருக்கெண்டு நீங்கள்தானே போன கிழமை சொன்னனீங்கள்?”

அவன் சொன்னது சரி. பனிக்கட்டி ஒரு கனியம். உலகத்தின் கனியப் பட்டியலில் அது இருக்கிறது. குழாயில் வரும் தண்ணீர் பட்டியலில் இல்லை. அதே இரண்டு ஐதரசன், அதே ஒரு ஒட்சிசன். அன்றைக்கு ஒன்ராறியோ ஏரியின் கரையோரம் உறைந்து கிடந்தது. சற்றுத் தள்ளி அலை அடித்தது. கரையோரம் கனியம், அலை கனியம் அல்ல. ஏப்ரலில் ஐஸ் உருகும்போது அது தன் தகுதியை இழந்துவிடும்.

பத்தாவது படம் பாதரசம். “இது தண்ணி மாதிரி ஓடுது. பிழை,” என்றான் பேரன். இந்த முறை நான் தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், சரி என்று. அவன் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். “அப்ப மூண்டாவது ரூல்?”

“பாதரசத்துக்கு மட்டும் விட்டுக்குடுத்திருக்கினம்.”

“ஏன்?”

“அது கனகாலமாப் பட்டியல்ல இருக்குது.”

“அதை ஆர் தீர்மானிக்கிறது?”

அவன் கேட்டது கல்லைப் பற்றி. எனக்கு உறைத்தது வேறு இடத்தில். அதைச் சொல்வதற்கு முன்னர் அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்கள். சர்வதேசக் கனியவியல் சங்கம் 1958இல் அமைக்கப்பட்டது. புதிய கனியம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்பவர் அதன் சேர்க்கை, பளிங்கு அமைப்பு, கிடைத்த இடம் எல்லாவற்றையும் எழுதி அதன் ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டும். பல நாட்டு உறுப்பினர்கள் அதைப் படித்து வாக்களிக்கிறார்கள். சங்கத்தின் பட்டியலில் உள்ள கனியங்கள் இன்று 6,000க்கும் மேல். கனியம் என்றால் என்ன என்பதை ஏர்னெஸ்ட் நிக்கல் 1995இல் வரையறுத்து எழுதினார். அது வெளியானது ‘கனேடியன் மினரலொஜிஸ்ற்’ என்ற சஞ்சிகையில். மூலகமோ சேர்வையோ, வழமையாகப் பளிங்காக இருப்பது, புவியின் செயற்பாடுகளால் உண்டானது என்பது அதன் சாரம். ‘வழமையாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வரையறை எழுதியவருக்கு விளிம்புகள் தெரிந்திருந்தன.

விளிம்புகளில் வேடிக்கைகள் உண்டு. ஆய்வுகூடத்தில் செய்த வைரம் கல்லுக்குக் கல் அணுவுக்கு அணு வைரம்தான். ஆனால் அது கனியம் அல்ல, மனிதன் செய்தது. கல்சியம் ஒட்சலேற்று ஒருவகைப் பாறையில் கிடைத்தால் வெவெலைற் என்ற பெயருள்ள கனியம். அதே பொருள் சிறுநீரகத்தில் கிடைத்தால் கனியம் அல்ல. எனக்கே ஒன்று இருந்தது. அது வெளியே வந்த வேதனைக்கு ஒரு பட்டமாவது கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜோன் லொக் என்ற ஆங்கில மெய்யியலாளர் பதினேழாம் நூற்றாண்டிலேயே தங்கத்தை உதாரணமாக வைத்து இதை யோசித்தார். பொருள் தன்னளவில் என்னவாக இருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பெயருக்குள் எதை அடக்குவது என்று நாம் செய்யும் முடிவு இன்னொன்று. அணுக்கள் அடுக்கியிருப்பதும் அடுக்காமல் இருப்பதும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. அடுக்கியிருப்பதைத்தான் கனியம் என்று அழைப்போம் என்பது நாங்கள் செய்த முடிவு. எல்லா வரையறையிலும் இரண்டாவது பாதி இருக்கிறது. அந்தப் பாதியில் யாரோ ஒருவர் பேனையோடு இருக்கிறார்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் யாப்பு விடயத்தில் அந்தப் பேனை என் கையில் இருந்தது.

ஊர் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணீரில் விளைந்த ஊர். கனடாவில் சங்கம் தொடங்கியது 2011இல். போர் முடிந்து பள்ளிக்கூடம் கூரையில்லாமல் நின்ற காலம். ஏழு பேர் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழறையில் கூடினோம். மாஸ்டர் எழுதட்டும் என்றார்கள், எழுதினேன். மூன்றாம் விதி உறுப்புரிமை: ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், அல்லது பெற்றோரில் ஒருவரேனும் ஊரில் பிறந்தவர். அதன் கீழ் ஓர் உபவிதி: சங்கத்தின் தாபக உறுப்பினர்கள் மேற்சொன்ன நிபந்தனைக்கு உட்படார்.

அந்த உபவிதி எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஏழு பேரில் மூன்று பேர் ஊரில் பிறந்தவர்கள் அல்லர். ஒருவர் ஊரில் கலியாணம் கட்டியவர். ஒருவர் வேலைக்கு வந்து தங்கியவர். மூன்றாவது ஆள் நான். நான் பிறந்தது தென்மராட்சியில். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து அப்பா காடு வெட்ட வந்தபோது எனக்கு மூன்று வயது. அப்பாவும் அம்மாவும் அந்த ஊரில் பிறந்திருக்க முடியாது. அவர்கள் பிறந்தபோது அது ஊராகவே இருக்கவில்லை.

கடந்த ஒக்டோபரில் ஒருவர் உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தார். என்னிடம் படித்தவர். இப்போது ஒஷாவாவில், என் மகளின் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறார். ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. அவர் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஊருக்கு வந்தபோது அவருக்கு ஆறு வயது. தகப்பனும் தாயும் எங்கள் வயல்களில் வேலை செய்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார், ஊரிலேயே கலியாணம் கட்டினார், 1996இல் ஊரோடு இடம்பெயர்ந்தார், திரும்பி வந்து குடிசை போட்டார், 2008இன் கடைசியில் மறுபடியும் ஊரோடு நடந்தார். நானோ 1996க்குப் பிறகு ஊருக்குத் திரும்பாமல் கொழும்பு வழியாக இங்கே வந்துவிட்டவன். ஊரைக் கடைசியாக விட்டுப் புறப்பட்டவர்களில் அவர் ஒருவர்.

நிர்வாகசபை விண்ணப்பத்தை எடுத்தது. பிறப்பிடம் இரத்தினபுரி. பெற்றோர் பிறப்பிடம் இரத்தினபுரி. “விதிப்படி ஏலாது,” என்றார் ஒருவர். “அவற்ரை மகன் ஊரிலை பிறந்தவன்தானே, மகனைச் சேர்க்கலாம்,” என்றார் இன்னொருவர். அது உண்மை. மகன் விதிக்குள் வருவான். தகப்பன் வரமாட்டார். யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் நான், கடிதத்தை நானே எழுதிக் கையொப்பமிட்டேன். வருந்துகிறோம், யாப்பின் மூன்றாம் விதிக்கமைய, என்று.

இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசி எடுத்தார். “பரவாயில்லை சேர். நீங்கள் எழுதின விதியெண்டு சொன்னவை. அப்ப சரியாத்தான் இருக்கும்.”

இப்போது பேரனின் கேள்விக்கு நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்பது விளங்கும். நான் மூன்று வயதில் வந்தவன். அவர் ஆறு வயதில் வந்தவர். எங்களுக்கிடையில் மூன்று வருட வித்தியாசம். நான் வடக்கேயிருந்து வந்தேன், அவர் தெற்கேயிருந்து. பட்டியலில் திரவமாக இருந்துகொண்டே இடம்பிடித்த பாதரசம் நான்தான்.

எங்கள் ஊரில் அவர்களைக் குறிக்க ஒரு சொல் இருந்தது, தோட்டக்காட்டார். வயலில், தேத்தண்ணிக் கடையில், பள்ளிக்கூட ஆசிரியர் அறையிலும்கூட நான் கேட்டிருக்கிறேன். யாப்பில் அந்தச் சொல் இல்லை. அதை எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. பிறப்பிடம் என்ற நல்ல சொல்லே அந்த வேலையைச் செய்துவிட்டது. எழுதும்போது அவர்களை மனதில் வைத்து எழுதினேனா என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விலக்கவேண்டியிராதவர்களை நினைத்து ஓர் உபவிதி எழுத எனக்குத் தோன்றியது. விலக்கப்படப் போகிறவர்களைப் பற்றி ஒரு கணமும் தோன்றவில்லை.

இந்த உபவிதிக்கு உலகத்தில் முன்னோடிகள் உண்டு. சங்கம் தோன்றுவதற்கு முன்னரே அறியப்பட்டிருந்த கனியங்களைக் கனியவியலாளர்கள் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு தாத்தா இருக்கிறார். ‘கிராண்ட்ஃபாதர்’ விதி என்பார்கள். அச்சொல் பிறந்த இடம் அழகானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கத் தென்மாநிலங்கள் சில, வாக்களிக்க எழுத்தறிவுப் பரீட்சை வைத்தன. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வருவதற்கு முன்னர் எவருடைய தாத்தா வாக்காளராக இருந்தாரோ அவருக்குப் பரீட்சை இல்லை. நிறத்தைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் கிடையாது. 1915இல்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

எங்களுக்கும் ஒரு தாத்தா விதி உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். அதற்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசையாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அந்தச் சட்டத்திலும் மலையகத் தமிழர் என்ற சொல் இல்லை. லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவதே ஒழுங்காக நடக்காத காலத்தில், பாட்டனின் பிறப்புக்குச் சாட்சி எங்கே இருக்கும்? 1947 தேர்தலில் வாக்களித்து, இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், இரண்டு வருடத்துக்குள் நாடும் வாக்கும் இல்லாதவர்களானார்கள். வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லோரும் இதில் ஒரு பக்கம் நிற்கவில்லை. செல்வநாயகம் எதிர்த்தார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அந்தப் பிளவு ஒரு காரணம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அந்த மக்களின் பிரதிநிதிகளைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. பிரச்சினையைத் தீர்க்க வந்த சட்டங்கள் 2003 வரை நீண்டன. என் மாணவரின் தகப்பன் 1985இல் எங்கள் ஊரில் இறந்தபோது அவரிடம் எந்த நாட்டுக் கடதாசியும் இருக்கவில்லை. செத்த வீட்டுக்கு நான் போயிருந்தேன். அவருடைய மகனுக்கு நாற்பது வருடம் கழித்து நான் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை அனுப்பியிருக்கிறேன்: நீ எங்கே பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான், அப்படியானால் இல்லை.

வரையறையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அது சுலபமான பதில். பிழையான பதில் என்றும் நினைக்கிறேன். வரையறை இல்லாவிட்டால் பேரனின் வீட்டுப்பாடம் மட்டுமல்ல, சுரங்கமும் மருந்தும் இல்லை. அகதி யார் என்று 1951 உடன்படிக்கை வரையறுத்திருந்ததால்தான் நானும் இந்த நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் போய் நிற்க முடிந்தது. ஊர்ச் சங்கம் என்றால் அது ஏதோ ஓர் ஊரின் சங்கமாக இருக்கத்தான் வேண்டும். எல்லோரையும் சேர்க்கும் சொல் எதையும் சொல்லாது.

நமது பழைய தருக்க நூல்கள் இதை நன்றாக அறிந்திருந்தன. வரையறையை இலக்கணம் என்றார்கள். இலக்கணத்துக்கு வரக்கூடிய குற்றங்கள் மூன்று. சேரவேண்டியதில் சிலவற்றை வெளியே விட்டுவிடுவது அவ்வியாத்தி. சேரக்கூடாததையும் உள்ளே எடுப்பது அதிவியாத்தி. எதற்குமே பொருந்தாமல் போவது அசம்பவம். தருக்கத்தில் முதல் இரண்டும் ஒரே அளவு குற்றம். கல்லைப் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்கிறேன். பனிக்கட்டியைப் பட்டியலில் இருந்து எடுத்தால் பனிக்கட்டிக்கு ஒன்றும் இல்லை. அது உறையும்போது உறையும், உருகும்போது உருகும். என் சிறுநீரகக் கல் தன்னை யாரும் அங்கீகரிக்கவில்லை என்று வருந்தவில்லை.

மனிதரை வரையறுக்கும்போது இந்த இரண்டு குற்றங்களும் சமம் அல்ல. இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. தவறாக ஒருவரை உள்ளே எடுத்துவிட்டால் நட்டம் எல்லோருக்குமாகப் பங்கிடப்படுகிறது, ஆளுக்குக் கொஞ்சம். தவறாக ஒருவரை வெளியே விட்டால் முழு நட்டமும் அந்த ஒருவர் தலையில் விழுகிறது. 1948இல் சட்டம் எழுதியவர்களின் பயம் அதிவியாத்தி. தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவார் என்பது. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் தகுதியிருந்தும் கடதாசி இல்லாதவர்கள். எங்கள் நிர்வாகசபையிலும் அதே பயம்தான் பேசியது. “இவரைச் சேர்த்தா நாளைக்கு ஆர் வேணுமெண்டாலும் வருவினம்,” என்றார்கள். வருடச் சந்தா ஐம்பது டொலர். அதைக் கட்டி எங்கள் கூட்டத்துச் சண்டையைக் கேட்க யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் விளிம்பில் நிற்பவரை என்ன செய்வது? இதற்குக் கனியவியலாளர்களிடமிருந்தே எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அதுவும் என் மாணவர் பிறந்த அதே இரத்தினபுரி மாவட்டத்துக் கல் ஒன்றிலிருந்து.

இலங்கையின் கற்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கனியவியலாளரின் பட்டியலை நீட்டி வந்திருக்கின்றன. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாளராக எல்லோரும் அறிவோம். அவர் 1903இலிருந்து இலங்கையின் கனிய அளவைத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பலாங்கொடைப் பக்கத்துக் கறுப்பு மணிகளில் தோரியனைற் என்ற கனியம் 1904இல் அடையாளம் காணப்பட்டதில் அவருடைய பங்கு உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, எஹெலியகொடையில் இரத்தினக்கல் எடுக்கும் சரளையிலிருந்து ஏக்கநாயக்க என்பவர் பச்சை நிறக் கல் ஒன்றைக் கவனித்தார். 1961இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அது ஏக்கனைற் என்ற புதிய கனியமாக விவரிக்கப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கல்லில் பளிங்கு ஒழுங்கு இல்லை. எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்த்தால் கண்ணாடி போல இருக்கிறது. காரணம் அதற்குள்ளேயே இருக்கும் தோரியம். தோரியம் கதிர்த்தொழிற்பாடுள்ளது. ஒவ்வொரு தோரிய அணுவும் சிதையும்போது பின்னால் உதைத்துப் பக்கத்து அணுக்களை இடம்பெயர்க்கிறது. ஒரு சிதைவில் ஒன்றும் தெரியாது. ஐம்பது கோடி வருடம் இப்படி நடந்தால் அடுக்கு முழுவதும் குலைந்துவிடும். வெளியே கல்லாகவே இருக்கும், உள்ளே ஒழுங்கு இருக்காது. பேரனின் தாளின்படி ஐந்தாவது நிபந்தனை தவறுகிறது; கனியம் அல்ல.

ஆனால் கனியம் என்றே ஏற்றார்கள். நிக்கலும் ஜோயல் கிரைசும் 1998இல் தொகுத்த நெறிமுறைகளில் இதற்கு இடம் உண்டு. இப்படிக் குலைந்த பொருள், குலைவதற்கு முன்னர் அதே சேர்க்கையுள்ள பளிங்காக இருந்தது என்று நியாயமான உறுதியோடு காட்ட முடியுமானால் அது கனியமே. காட்டவேண்டியவர் ஆராய்பவர். அவர் கல்லைச் சூடாக்கிப் பார்க்கிறார். குலைந்த அடுக்கு ஓரளவுக்குத் திரும்பி வருகிறது. வேறு இடங்களில் தேடுகிறார். 1982இல் கனடாவின் யூக்கொன் பகுதியில் கிடைத்த, வயது குறைந்த பாறையில் இருந்த ஏக்கனைற்றில் ஒழுங்கு குலையாமல் இருந்ததைக் கண்டு அதன் அமைப்பை எழுதினார்கள். இலங்கைக் கல் ஒருகாலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு யூக்கொன் கல் சாட்சி சொன்னது.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு. இன்றைக்கு அது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், அதற்கு என்ன நடந்தது என்றும் கேட்டார்கள். அதைவிடப் பெரியது, நிரூபிக்கும் பாரத்தைக் கல்லின் மேல் போடவில்லை. வரையறுப்பவர் தானே சுமந்தார்.

1948ஆம் ஆண்டுச் சட்டமும் கடந்தகாலத்தைத்தான் கேட்டது. பாட்டன், பூட்டன் என்று வெகுதூரம் பின்னால் போனது. ஆகவே வரலாற்றைக் கேட்பது மட்டும் நியாயம் ஆகிவிடாது. யார் தேடிக் காட்டவேண்டும் என்பதில் எல்லாம் இருக்கிறது. சட்டத்தின் கையில் பதிவேடுகள் இருந்தன, தோட்டத்துக் கணக்குகள் இருந்தன, உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். லயத்தில் இருந்தவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. தேடச் சொன்னது அவரை. ஒரு கல்லுக்குக் கொடுத்த மரியாதையை அவருக்குக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவர் எங்கள் ஊரவர்தானா என்று அறிய எனக்குச் சான்றிதழ் எதுவும் தேவையிருக்கவில்லை. அவருக்கு வரவு பதிந்தவனே நான்.

இன்னொரு மறுப்பையும் சொல்லவேண்டும், என் மகள் சொன்னது. “அப்பா, நீங்கள் உங்கடை குற்ற உணர்ச்சிக்குக் கல்லுகளைத் துணைக்குக் கூப்பிடுறியள். சேர்த்திருந்தா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?” அவள் சொன்னதில் பாதி சரி. அன்றைக்கு நான் கையை உயர்த்தி, என்னையும் நீக்குங்கள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மற்றப் பாதி, அவரை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்திருந்தால் அவரும் இன்னொரு பாதரசம் ஆகியிருப்பார். விதி அப்படியே இருந்திருக்கும். அடுத்துவரும் குடும்பத்துக்கு வேறொரு செயலாளர் அதே கடிதத்தை எழுதியிருப்பார்.

ஆகவே திருத்தம் ஒன்று எழுதியிருக்கிறேன். ஊரில் பிறந்தவர், வாழ்ந்தவர், அல்லது அவ்வூரைத் தன் ஊர் எனக் கொண்டவர் உறுப்பினராகலாம். ஐயம் எழுமிடத்து, விண்ணப்பித்தவர் ஊரவர் அல்லர் என்பதை நிர்வாகசபையே காரணம் காட்டி நிறுவவேண்டும். தாபக உறுப்பினர் உபவிதி நீக்கப்படுகிறது. ஆணி அடித்தாற்போன்ற வரையறை அல்ல இது. ‘தன் ஊர் எனக் கொண்டவர்’ என்பதை யாரும் தவறாகப் பாவிக்கலாம். அந்தக் குற்றம் வந்தால் அதை நாங்கள் எல்லோரும் பங்குபோட்டுச் சுமக்கலாம்.

ஏப்ரலில், ஐஸ் உருகிய பிறகு, பேரனைக் கூட்டிக்கொண்டு ஒஷாவாவின் லேக்வியூ பூங்காவுக்குப் போனேன். அவரையும் வரச் சொல்லியிருந்தேன். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். கரையில் கிடக்கும் கற்களில் பல அந்த இடத்துப் பாறை அல்ல. வடக்கேயிருந்து பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து விட்டுப்போனவை. பேரன் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் திருத்தத்தை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

“கடிதம் வந்த அண்டைக்குக் கவலையாத்தான் இருந்தது சேர். பிறகு யோசிச்சன். ஆரும் என்னை எந்த ஊரெண்டு கேட்டா நான் அந்த ஊரைத்தானே சொல்லுவன். வேறை எந்த ஊரைச் சொல்லுறது?”

மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, பேச்சை மாற்றச் சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு பேரனிடம் குனிந்து, ஒரு கல்லை வாங்கி ஈரத்தைத் துடைத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். இரத்தினபுரியில் தன் தாத்தா அப்படித்தான் கல் பார்ப்பார் என்றார். தாத்தா எங்கே பிறந்தவர் என்று நான் கேட்கவில்லை.

பொதுக்கூட்டம் ஜூனில். திருத்தம் நிறைவேறுமா என்று சொல்ல முடியாது. கணக்குப் பார்த்தால் சமமாகத்தான் நிற்கிறது. அதை முன்மொழிவதற்கு முன்னர், ஒக்டோபரில் நான் கையொப்பமிட்ட கடிதத்தைச் சபையில் முழுவதும் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். பிறகு என் பிறப்புச் சான்றிதழை மேசையில் வைப்பேன்.